ஏழு மிஸ்டு கால்

கல்யாணப் பூசை நடந்துகொண்டிருக்கும்போது முதல் பெஞ்சிலிருந்து எழுந்து வாசலுக்கு ஓடிய தாய்மாமனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? போன மாதம் சிங்கப்பூரில் ஒரு மாதா கோயில் நிறையப் பேர் பார்த்தார்கள். அந்தத் தாய்மாமன் அடியேன்தான்.

தங்கை மகள் கல்யாணம். டிக்கெட்டெல்லாம் எடுத்து முடித்த பிறகு, என் மனைவி மேரிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திண்டுக்கல் டாக்டர் அதிலிருந்து துளி எடுத்து மதுரைக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் என்றைக்கு வரும்? சரியாகக் கல்யாணத்தன்றைக்கு!

நான் போகவில்லை என்றேன்.

"தாய்மாமன் இல்லாம அங்க என்ன கல்யாணம்? நீங்க இங்கன உக்காந்து மோட்டுவளையப் பாத்தா ரிப்போர்ட் நல்லா வந்துருமா? கெளம்புங்க" என்றாள் மேரி.

அடுத்த கவலை செல்ஃபோன். மேரியும் நானும் செல்ஃபோன் கடைக்குப் போனோம். கடைக்காரர் விளக்கினார்: "சார், ரோமிங்ல நீங்க கூப்பிட்டாலும் காசு. அவுக கூப்பிட்டு நீங்க எடுத்தாலும் உங்களுக்குத்தான் காசு."

"எடுக்கலைன்னா?"

"அது ஃப்ரீ சார்."

ஃப்ரீ! கட்டி வந்ததற்குப் பிறகு மேரியின் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சம் பார்த்தேன். மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்துகிற ஜாதி நாம். பால்காரருக்கு ஒரு மிஸ்டு கால், ஆட்டோவுக்கு ஒரு மிஸ்டு கால்... சிங்கப்பூர் மட்டும் என்ன விதிவிலக்கா? வீட்டுக்கு வந்ததும் சட்டதிட்டம் போட்டாள்.

"ஒரு மிஸ்டு கால்னா ஒண்ணும் பயமில்ல. ரெண்டுன்னா அங்க இருக்கற பூத்துல இருந்து கூப்பிடுங்க. மூணுன்னா..."

"மூணுன்னா?"

"மூணெல்லாம் வராது. போயி பெட்டிய அடுக்குங்க."

சிங்கப்பூரில் இறங்கியதும் தங்கை மகன் ஒரு ஃபோன் கார்டைக் கையில் திணித்தான். "மாமா, இதச் சுரண்டினா ஒரு நம்பர் வரும். பப்ளிக் ஃபோன்ல அத அடிச்சுட்டுப் பேசுங்க, ரொம்ப சல்லிசு. செல்லுல மட்டும் கைய வச்சிராதீங்க!" ஆகட்டும் என்று சட்டைப்பையில், செல்ஃபோனுக்குப் பக்கத்திலேயே பத்திரப்படுத்தினேன்.

கல்யாணப் பூசை. சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். என் நெஞ்சுக்கு மேலே செல்ஃபோன் உதறியது. நின்றது.

ஒன்று!

ஆண்டவரே, உமக்கு நன்றி. பக்கத்தில் இருந்தவருக்குக் காரணமே இல்லாமல் கை கொடுத்தேன்.

மறுபடியும் உதறியது. ரெண்டு. சரி... கூப்பிடச் சொல்கிறாள். ஏன் கூப்பிடச் சொல்கிறாள்? எடுத்துப் பார்த்தால் நம்பர் தெரியவில்லை. கடல் தாண்டினால் என் ஃபோன் யார் கூப்பிடுகிறார்கள் என்பதைக் காட்டாதாம்.

மூன்று.

அதோடு விட்டதா? நாலு... அஞ்சு! நாலுக்கும் அஞ்சுக்கும் நாங்கள் அர்த்தமே வைக்கவில்லையே! மூன்றுக்கே அவள் அர்த்தம் சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன இருக்க முடியும்? என் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். தங்கை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுகாதண்ணே. உன் மருமக சந்தோசமாத்தான் இருப்பா. மாப்பிள்ள தங்கமானவரு."

ஆறாவது உதறலில் எழுந்து ஓடினேன். ஏழாவது வாசலில்.

வாசலுக்கு எதிரிலேயே பப்ளிக் ஃபோன். கார்டை எடுத்துச் சாவியால் சுரண்டினேன். பதற்றத்தில் மேல்பூச்சோடு சேர்த்து உள்ளே இருந்த நம்பரையும் சுரண்டி எடுத்துவிட்டேன். சல்லிசாகப் பேசும் வழி அதோடு அடைபட்டது. ரோமிங்காவது, ரோதனையாவது... செல்லிலேயே மேரி நம்பரை அடித்துப் பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

"எதுக்குங்க செல்லுல கூப்பிட்டீங்க?" — மேரிதான். முழு ஆளாக, முழுக் கோபத்தோடு! "ஒரு மிஸ்டு கால்தான குடுத்தேன்?"

"ஒண்ணா? ஏழு வந்துச்சுடி!"

"ஏழா?" பிறகு அங்கே யாரிடமோ, "ஏலே அந்தோணி, நீயும் குடுத்தியா?"

அந்தோணி என் மச்சினன். "ஆமாக்கா, நல்ல சேதியாச்சேன்னு நானும் ஒண்ணு தட்டுனேன்" என்ற குரல் கேட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிவந்தது. ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை; சாதாரணக் கொழுப்புக் கட்டி. ஒரு மிஸ்டு கால் என்றால் நல்ல சேதி என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள் மேரி. அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஒன்று. எரியோட்டுச் சித்தப்பா ஒன்று. நிலக்கோட்டையில் மல்லிகைப்பூவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த என் சகலை, வேலையை நிறுத்திவிட்டு ஒன்று. பால்காரர் ஒன்று, ஆட்டோக்காரர் ஒன்று. எல்லாருமே சட்டத்தை மீறாமல் ஆளுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால்தான் கொடுத்திருக்கிறார்கள்!

கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். கெட்ட சேதி என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று ஆளாளுக்கு நழுவுவார்கள். ஒரு மிஸ்டு காலுக்கே ஆள் கிடைக்காது. ஏழு பேர் முண்டியடிக்கிறார்கள் என்றால் அது நல்ல சேதியாகத்தானே இருக்க முடியும்? ஆனால் பயந்தவனுக்குக் கூட்டல் மட்டும்தானே வருகிறது!

வெளிநாடு போகிறவர்களே, இந்த ஏமாளி சொல்வதைக் கேளுங்கள். இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்கிப் போடுங்கள். அந்த நம்பரை வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். ஃபோன் கார்டாக இருந்தால் நகத்தால் சுரண்டுங்கள் — மெதுவாக.

சரி, அந்தக் கால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? "காசு ஓடுது, வைங்க" என்று மேரி நாலு தடவை சொன்னாள். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. திடீரென்று அந்தப் பக்கம் ஒரு விசும்பல். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அதட்டிக்கொண்டே இருந்தவள், அன்றைக்குத்தான் அழுதாள். கோயிலுக்குள் ஒரு முழுப் பாட்டுப் பாடி முடித்தார்கள். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று தெரிந்துகொண்டேன்... ரோமிங்கில் பேச்சுக்கும் அழுகைக்கும் ஒரே ரேட்தான்!