பொத்தான் சித்தியின் கம்பி

ஊசிக்காதுக்குள் நூலை இழுத்துக் கொடுக்கும் அந்தச் சின்னத் தகரத் துண்டை உலகத்துக்கே கொடுத்தது எங்கள் குடும்பம்தான். சரி, உலகம் என்றது கொஞ்சம் அதிகம். எங்கள் தெரு அளவுக்காவது நம்புங்கள்.

என் சித்தி ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் பொத்தான் சித்தி. சித்தப்பா போன பிறகு அவளும் மகளும் சாப்பிட்டது அந்த வேலையில்தான். நாற்பதைத் தாண்டியதும் கண் மங்கியது. முதலாளிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கை நடுங்க ஆரம்பித்த கட்டிங் மாஸ்டரை அப்படித்தான் அனுப்பினார்.

சித்தி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து, மயிர் போன்ற கம்பியை உருவி, மடித்து முறுக்கிக் கண்ணி செய்துகொண்டாள். கண்ணி ஊசிக்காதில் சுலபமாக நுழையும். அதற்குள் நூலை விட்டு இழுத்தால் நூலும் கூடவே வந்துவிடும். கோத்து முடித்ததும் கம்பி கொண்டைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் குனிந்தபோது அது துணி வெட்டும் மேஜைமேல் விழுந்தது.

"என்னம்மா இது?"

"கொண்டை ஊசி, முதலாளி."

"கொசுவுக்கா கொண்டை போடறே?"

அவரே ஓர் ஊசியை எடுத்து, அந்தக் கம்பியை விட்டு ஒரே தடவையில் நூலைக் கோத்துவிட்டார். அவர் திட்டவில்லை. அடுத்த மாதமே அதற்கு நகமளவு தகரக் கைப்பிடி வைத்து, கடைப் பெயரை அச்சடித்து, துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் இனாமாகக் கொடுத்தார்.

"விளம்பரத்தைச் சுவத்துல எழுதினா மழை கழுவிடும். இது தையல் டப்பாவுக்குள்ள போய்க் கால் நீட்டி உட்காந்துக்கும்."

உட்கார்ந்துகொண்டது. அறுந்த பொத்தானை அவரவர் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். புதுத் துணிக்கு முதலாளியே தைத்தார். "நீ கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. சித்தி அக்கம்பக்கத்துப் பாத்திரங்களைத் தேய்த்து மகளை வளர்த்தாள்.

அந்தக் கொண்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டிருக்கலாம் என்று எழுதி முடித்து, பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சித்தி மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கை நின்றது.

"அது விழலைக்கா. முதலாளிக்கும் கண் மங்கிடுச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சுவர் பக்கம் திரும்பி, நூலை நக்கி நக்கிக் கோத்துப் பாத்துட்டிருந்தாராம். அம்மாவுக்கு மனசு கேக்கலை. கொண்டையிலேருந்து எடுத்து அவங்களே அவர் கையில குடுத்தாங்க."