குருவி எண்ணப் போன காலை

அத்தாவுக்குக் கடிகாரம் பழுது பார்க்கும் தொழில். ஆனால் ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒருநாள் கடையை மறந்துவிட்டு, சிங்காநல்லூர் குளத்துக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கப் போய்விடுவார். சம்பளமில்லாத வேலை, அதற்கென்று ஊரில் ஒரு சிறு கூட்டமே இருந்தது.

நான் நாலாவது படித்த வருஷம் ஊரில் கலவரம் நடந்தது. கோட்டைமேட்டில் எங்கள் தெருமுனையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். கடை பல நாளாகத் திறக்கவில்லை. "நோன்பு வெச்சுட்டு வெயில்ல நிக்க வேண்டாங்க" என்றாள் அம்மா. குளிர் நடுக்கும் மாதத்தில் எங்கே வெயில் என்று எனக்குக் குழப்பம். அத்தா பைனாகுலரைத் துடைத்து மறுபடியும் உறையில் போட்டார்.

மறுநாள் விடியுமுன் கதவு தட்டப்பட்டது. அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வெளியே, கணக்கெடுப்பை நடத்தும் பேங்க் மாமாவும் அவர் மனைவியும்.

"ஏனுங்க பாய், இன்னும் கெளம்பலீங்களா? வாத்தெல்லாம் வந்துருச்சுங்களே!" என்றார் மாமா.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அத்தை அவள் கையைப் பற்றிக்கொண்டார். "பாப்பாவையும் அனுப்புங்க அம்மணி. நானே கொண்டாந்து உட்டுப்போடறேன்."

கணக்கெடுக்க வந்த மற்றவர்களோடு வெளியே நின்ற வேனில் ஏறினோம். தடுப்பில் போலீஸ்காரர் வேனுக்குள் டார்ச் அடித்தார். "எங்க போறீங்க?"

"குருவி எண்றதுக்குங்க."

வெளிச்சம் ஒவ்வொரு முகமாக நகர்ந்து அத்தாவின் தாடியில் நின்றது. "எல்லாம் ஒண்ணா வந்தவங்கதானுங்க" என்றார் மாமா. தடுப்பு விலகியது.

பனி விலகியதும் பார்த்தேன். குளம் முழுக்க வாத்துகள், தண்ணீருக்கே இடமில்லாததுபோல. எல்லோரும் உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தபோது பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. குளமே எழுந்துவிட்டது. ஒரு கொட்டகையின் தறிகளெல்லாம் ஒரே நொடியில் ஓடத் தொடங்கியதுபோல் இரைச்சல். சிறகுக் காற்று என் முகத்தில் அடித்தது. மில் புகைபோக்கிக்கு மேலே அவை மொத்தமாகத் திரும்பியபோது வானம் ஒருகணம் வெள்ளையானது. நான் அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன்.

"போச்சு! மறுக்கா மொதல்ல இருந்துங்க பாய்" என்றார் மாமா.

"எத்தன தடவைன்னாலும் எண்ணலாங்க" என்று அத்தா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மதியம் திரும்பினோம். தெருமுனைக்குக்கூடத் தனியே வராத அம்மா, தடுப்பைத் தாண்டி நடுரோட்டில் நின்றிருந்தாள். வேனிலிருந்து குதித்து, குளம் எழுந்த கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. என் தலை, தோள், கை என்று தடவிக்கொண்டே இருந்தாள். பனியில் விறைத்துவிட்டேனா என்று பார்க்கிறாள் போலும்.

"குளுரவே இல்லம்மா" என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.