அடியிலிருந்து தெளிந்த தண்ணீர்

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டிலாவது குழாய் சொட்டுகிறது என்று தெரிந்தால் அதை நிறுத்தாமல் வீடு திரும்ப மாட்டார். அப்படி வந்த பெயர். மொட்டை மாடித் தொட்டி இல்லாத அந்தக் கட்டடத்தில் நாற்பது வீட்டுக் குழாய்களுக்கும் மோட்டாரில் நேராகத் தண்ணீர் ஏற்றுவது, நிலத்தடித் தொட்டியைக் கழுவுவது எல்லாம் பதினோரு வருடமாக அவர் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அன்றைக்கே பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதையும் பொருத்தினார். இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொண்டதில் சாயங்காலம் நிமிர முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்றாம் மாடி வீட்டுக்காரர் படியிறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, குழாய்ல தண்ணி பால் மாதிரி வருது. என் பொண்டாட்டி தூக்கக் கலக்கத்துல கவனிக்காம ரெண்டு டம்ளர் குடிச்சிட்டா. அவளுக்கு ஏழு மாசம்."

தேய்த்த பிறகு தொட்டியை இரண்டு முறை அலசுவது அவர் வழக்கம். முதல் அலசல் நினைவில் இருந்தது. இரண்டாவதை எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மோட்டாரை நிறுத்தினார். யாரும் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னார். பிறகு மூன்றாம் மாடிக்கே திரும்பி வந்து தன் மனைவிக்குப் போன் போட்டார். அவள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறவள்.

"ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிங்க," என்றாள் அவள். "மோந்து பாருங்க. மருந்து வாடை அடிக்குதா?"

குழாயில் மிச்சமிருந்த தண்ணீரைப் பிடித்து மோந்தார். "அடிக்கல. ஆனா வெள்ளையா இருக்கே."

"டம்ளரை மேசை மேல வெச்சிட்டுச் சும்மா நில்லுங்க. எங்கேயிருந்து தெளியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"தெளியவே மாட்டேங்குது."

"வெச்சு இன்னும் மூச்சுகூட விட்டிருக்க மாட்டீங்க. பொறுங்க."

மூன்று பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, அடியில பாருங்க."

டம்ளரின் அடியில் ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர் பளிங்காகியிருந்தது. வெள்ளை மெல்ல மெல்ல மேலே ஒதுங்கி, இரண்டு நிமிடத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"அடியிலேருந்து தெளிஞ்சிருச்சு," என்றார் போனில்.

"அப்ப அது வெறும் காத்துதாங்க. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குமிழி. கூட்டமா இருக்கிறப்ப வெள்ளையாத் தெரியும். குமிழி மேல ஏறிப் போயிடும், அதனால அடி முதல்ல தெளியும். சுண்ணாம்போ மண்ணோன்னா அடியில போய்ப் படியும், மேல்தான் முதல்ல தெளியும். உங்க புது மோட்டார் எங்கேயோ காத்தை உறிஞ்சுது, போய்ப் பாருங்க."

"பிளீச்சிங்?"

"வாடை இல்லேன்னா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நான் சொல்றதை வெச்சு யாரும் குடிக்க வேணாம், நான் பாத்திரம் கழுவுறவ. ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டாங்க. படிச்சவங்க பார்த்துச் சொல்லட்டும்."

மோட்டாரைப் போட்டுவிட்டு ஒவ்வோர் இணைப்பிலும் காதை வைத்துக் கேட்டார். தொட்டியிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாயில், மோட்டாரோடு சேரும் இடத்தில் மெலிதாக 'உஸ்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால், உள்ளே ரப்பர் வாஷர் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. வேறு போட்டு இறுக்கினார். தண்ணீர் கண்ணாடி போல வந்தது. அதில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மனைவி பரிசோதனை முடிவைப் போனில் படித்துக் காட்டினாள். தண்ணீரில் கோளாறு இல்லை. மருந்தும் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது.

"அப்ப நான் ரெண்டாவது தடவை அலசியிருக்கேன்."

"அலசியிருப்பீங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கர்ப்பிணிப் பெண் குழாயைத் திறந்து, டம்ளர் நிறையப் பிடித்து, அவர் எதிரிலேயே ஒரே மூச்சில் குடித்தாள்.

"நேத்துலேருந்து உள்ள இருக்கிறது உதைச்சுக்கிட்டேதான் இருக்குண்ணே," என்று சிரித்தாள். "பயந்ததெல்லாம் நாமதான்."

மிச்சமிருந்த வீடுகளுக்கும் சொல்லிவிட்டுக் கீழே வந்தபோதுதான், நேற்றிலிருந்து தான் சரியாக ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அகோரப் பசி.