துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?

இன்று ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் வரும் நாள். கணவர் இறந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதை ஒப்புக்கொண்டு வரிசையில் நிற்கவே இரண்டு வருடம் ஆனது.

சீட்டு எழுதும் பெண் நிமிராமலே, "துணைக்கு வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள்.

"அவர் கல்லறையில இருக்கார். எழுப்பட்டுமா?"

"அப்ப மகன கூட்டிட்டு வாங்க. தனியா வந்தா எழுத மாட்டேன்."

எனக்குப் பின்னால் நின்ற உப்பளத்துப் பெண் வரிசையை விட்டு விலகினாள். "என் வீட்டு ஆளு அடிச்சுத்தாங்க மனசே கெட்டுப்போச்சு. அவனையே எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

எரிச்சல் தலைக்கேறியது. அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "இவளுக்கு நான் துணை, எனக்கு இவ. எழுதும்மா."

"என்ன உறவு?"

"ரெண்டு பேருக்கும் தூக்கமில்ல. போதாதா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொல்லுங்கள், துணைக்கு வருகிறேன். எட்டு மணி என்றால் எட்டுக்கே வந்துவிட வேண்டும்.