ஞாயிற்றுக்கிழமைக் கூட்டணி

டெல்லிக் கல்லூரி ஒன்றில் இருபது வருடமாக அமெரிக்க அரசியல் நடத்துகிறேன். அந்த நாட்டின் தென் மாநிலங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, பிறகு எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்த கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அசைக்க முடியாத கட்சி என்று ஒன்று கிடையாது. அதைத் தாங்கும் கூட்டம் கலையும்வரைதான் அதன் ஆயுள். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது.

அந்தத் திமிரோடுதான் லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் தமிழர் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நின்றேன். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் அணிதான் அங்கே எப்போதும் ஜெயிக்கும். சங்க அறையை மாலையில் பூட்டியே வைத்திருப்பார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அதைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தாரும் கறுப்பின மக்களும் தென் மாநில வெள்ளையரும் ஒரே கட்சிக்குப் பின்னால் நின்று, அதைப் பல வருடம் ஆட்சியில் வைத்திருந்தார்களே, அதே மாதிரி நானும் ஆள் சேர்த்தேன். அந்த வீட்டுவேலைப் பெண்கள், ஆட்டோக்காரர்கள், அப்புறம் தூத்துக்குடிப் பக்கத்து நர்சுகள். எல்லோரையும் உறுப்பினர் ஆக்கினேன். நர்சுகள்தான் என் பலம்.

ஓட்டெடுப்பு நாளைப் பற்றிச் சண்டைக்குத் தயாராகப் போய்ச் சங்கத் தலைவரிடம் கேட்டேன்: “வாரநாள் வேண்டாம் சார். ஞாயிறு காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வைங்க. எல்லாருக்கும் லீவு.”

“அச்சா, உங்க இஷ்டம்மா” என்றார் உடனே. மனுஷன் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒன்பது ஓட்டில் தோற்றேன். அறைக்கு மறுபடி பூட்டு விழுந்தது. அழுகையாக வந்தது.

வாசலுக்கு வந்தால் நாலு ஆட்டோவிலிருந்து பதினொரு நர்சுகள் இறங்குகிறார்கள், நல்ல புடவையும் முக்காடுமாக.

“சர்ச்ல பூச முடிஞ்சதும் ஓடியாந்தோம் மேடம். ஓட்டுப் பெட்டிய பூட்டிட்டாவளா?”

தலையில் அடித்துக்கொண்டேன். அமெரிக்கர்கள் ஏன் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடுகிறார்கள்? அந்தக் காலத்தில் ஞாயிறு சர்ச், திங்கள் வண்டி கட்டி ஓட்டுப் போடும் ஊருக்குப் போய்ச் சேரும் நாள், புதன் சந்தை. வருடா வருடம் முதல் வகுப்பில் நான் நடத்தும் பாடம்!

ஆனால் விடுவேனா? அதிகாரிகள் அணியின் ஆயுள் ஒன்பது ஓட்டுதான் என்று தெரிந்துவிட்டதே. “அடுத்த தடவை சனிக்கிழமை சாயங்காலம். கட்டாயம் ஜெயிக்கிறோம்” என்று அங்கேயே நின்று அறிவித்தேன்.

மூத்த நர்ஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“சனிக்கிழம எங்களுக்கு டூட்டி இருக்கா, இல்லையான்னு யார்ட்டயாவது கேட்டியளா மேடம்?”