கோடில்லாத கன்னம்

அச்சாறுக்கு வினாகிரி ஊற்றும்போதெல்லாம் எனக்கு மாத்தளை டவுனில் இருந்த ஓர் இருட்டறைதான் மணக்கிறது. படம் கழுவும் தட்டுகளில் ஒன்றில் வினாகிரி கலந்த தண்ணீர் இருக்கும். அம்மாவின் தம்பியான என் மாமா அந்த ஸ்டூடியோவில்தான் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயது. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம்.

மாமா எடுக்கிற முகங்களெல்லாம் கொஞ்சம் பனிக்குள் நிற்கும். காரணம், அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். துரை பங்களாவில் கழித்துப் போட்ட புத்தகத்திலிருந்து கிழித்தது. இத்தாலிக்காரர் ஒருவர் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தீட்டிய ஒரு பெண். அவள் உதடு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேடினேன். அகப்படவில்லை.

"கோடே கெடையாது பாப்பா. வெளிச்சம் அப்பிடியே நெழலுக்குள்ள போயிருது, அடுப்புப் பொக மாதிரி."

அந்தப் புகையைக் கொண்டுவரத்தான் ஊசியாய்ச் சீவிய பென்சிலோடு, நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகக் குந்தியிருப்பார். கல்யாணப் பெண்களுக்குப் பரம சந்தோஷம்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு இடது கன்னத்தில் நீளத் தழும்பு. கொக்கோ காய் வெட்டும்போது கத்தி வழுக்கியது. யார் பேசினாலும் வலது பக்கத்தைத்தான் காட்டுவாள். அப்பாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அத்தைக்கும் இந்தியா என்று எழுதியாகிவிட்டது. பாஸ்போட் படத்துக்கு மாமாவிடம் வந்தார்கள்.

"நேரா பாருங்க. கேமரா கடிக்காது" என்றார் மாமா.

"கடிபட்ட மூஞ்சிதானே. இன்னொன்னும் தாங்கும்" என்றாள் அத்தை.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. தழும்பைக் காணோம். மறைத்த மாதிரியும் இல்லை. கன்னத்து நிழலோடு நிழலாகக் கரைந்திருந்தது. அத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான்."

பாஸ்போட் கொடுக்கும் கண்டி ஆபீஸில் அதை நம்பவில்லை. ஃபாரத்தில் அங்க அடையாளம் இடது கன்னத் தழும்பு; படத்திலோ பளிங்குக் கன்னம். ஆள் மாற்றி அனுப்புகிறீர்களா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். தாத்தா ஸ்டூடியோ வாசலில் நின்று கத்தினார்.

"ஒன்கிட்ட சித்திரமாடா கேட்டேன்? தோட்டத்துல பேரு வெட்டியாச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவ விடச் சொல்றாங்க. இவள இழுத்துக்கிட்டு எங்கடா போவேன்?"

எனக்கு மட்டும் உள்ளூரக் கொண்டாட்டம். அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள். அதன் பிறகு இரண்டாவது படத்துக்கு நாள் குறித்தபோதெல்லாம் அத்தைக்குத் தலைவலி வந்தது. மற்ற நாட்களில் அவள் நன்றாகத்தான் இருந்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். யாரோடு பேசினாலும் முகத்தைத் திருப்பாமல் பேசினாள். நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். எட்டு வயதில் கண் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிவதில்லை.

கடைசியில் தாத்தா அவள் கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தடவை மாமா பென்சிலைத் தொடவேயில்லை. தழும்பு சாட்டையடி மாதிரி விழுந்திருந்தது. கண்டியில் உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

மாத்தளை ஸ்டேஷனில், தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிறவர்களோடு கோச்சி நின்றது. ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் அழுகை. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தண்ணீர்ப் போத்தலை அத்தையிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டவள் அவரை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. பாவம், மாமாவுக்கு இன்னொரு திட்டு என்று நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு பெரிய பிளாட்பாரத்தில் சிரித்தது நான் ஒருத்திதான். மாமா பதில் சொல்வதற்குள் கோச்சி அசைந்துவிட்டது. அவள் கேட்டது இவ்வளவுதான்:

"ரெண்டாவது படத்த எதுக்குங்க சரியா எடுத்தீங்க?"