ஹில்டா டீச்சரின் இலையுதிர் காலம்

இடுக்கியால் பரங்கிக்காய்த் துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஹில்டா டீச்சர் ஒரு ஞானப்பாட்டை முதல் சரணத்திலிருந்து ஆரம்பிக்கிறார். கடைசிச் சரணம் முடியும்போது அந்தப் பக்கம் வெந்திருக்கும். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அடுப்பு விஷயத்தில் கடிகாரம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வெளியே சிட்லபாக்கம் ஏரி தெரிய வேண்டிய இடத்தில் மழை மட்டும் தெரிகிறது. கரியடுப்பில் தோல் கருகி, உள்ளே சதை இளகி, பாகு போல ஒரு சொட்டு தணலில் விழுந்து ‘சுர்’ என்கிறது. டீச்சர் கண்ணை மூடி அந்த வாசனையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் பால்காரன் பாக்கி கேட்டாலும் பதில் வராது.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பூகோளம் நடத்துகிறார். பூகோளப் புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று ஒரு பாடம் உண்டு. வெயில், கொஞ்சம் மழை, மறுபடி வெயில் என்பதைத் தவிர வேறெதுவும் அறியாத பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்துவது லேசான காரியமில்லை. டீச்சரும் அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் குடித்திருக்கிறார்.

பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படித்த நாளில், மழை பிடித்ததும் போர்டிங்கை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அடுக்களைக்குள் வந்துவிடுவாராம். சமையல்காரியை வெளியே அனுப்பிவிட்டு, பூசணியையும் ஆப்பிளையும் நெருப்பில் சுட்டு, மசித்து, வெண்ணெய் போட்டு ஒரு சூப்பு வைப்பாராம். “இப்ப எங்க ஊர்ல எல்லா மரமும் சிவப்பா நிக்கும்” என்று தம்முடைய கொச்சைத் தமிழில் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்டுவாராம். காய்ச்சலில் கிடந்த ஹில்டாவுக்கு ஒரு கிண்ணம் வந்தது. அந்த ஒரு கிண்ணத்தைத்தான் டீச்சர் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்.

கல்யாணமாகிச் சிட்லபாக்கத்துக்கு வந்த புதிதில் முதல் அடி விழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் மஞ்சள் நிறத்துக் காய்க்குத்தான் பூசணி என்று பெயர். அதே நினைப்பில் தாம்பரம் மார்க்கெட்டில் பூசணி கேட்டார். கடைக்காரன் வெள்ளையாக, சாம்பல் பூத்த ஒன்றைத் தூக்கித் தலையில் கட்டினான். ஊரில் அதற்குத் தடியங்காய் என்று பெயர். சரி, பட்டணத்துப் பூசணி இப்படித்தான் வெளுத்திருக்கும் போல என்று நினைத்து டீச்சர் அதையே சுட்டார். அது விட்ட தண்ணீரில் அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். “இங்க அதுக்குப் பரங்கின்னு பேராம்ல” என்று இன்றைக்கும் ஏமாற்றப்பட்டவர் மாதிரியே சொல்கிறார்.

ஆப்பிள் விலைக்கு ஆப்பிள் வாங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்குகிற பழம் அது. அதற்குப் பதிலாகக் கொய்யாவைப் பிடித்தார். கொய்யா மரம் பக்கத்து வீட்டு மரம், பத்ரிநாராயணன் வீட்டு மரம். கிளை மட்டும் தாராள மனசோடு இந்தப் பக்கம் வந்து காய்க்கிறது. அந்த வீட்டுச் சாவித்ரி மாமியும், கைக்கு எட்டாத பழங்களைத் துறட்டியால் பறித்து மதில்மேல் அடுக்கி வைத்துவிடுவார். “இந்தாங்கோ டீச்சர், அணில் கடிச்சதெல்லாம் நான் எடுத்துண்டாச்சு” என்பார். பழங்களைச் சுட்டு, விதை போக வடிகட்டி, பரங்கியோடு சேர்த்து மசித்து, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டால் சூப்பு. வெங்காயம் போடுவதில்லை. மாமி வீட்டில் வெங்காயம் ஆகாது என்பதனால், தம் வீட்டுப் பங்கிலும் டீச்சர் அதை விட்டுவிட்டார்.

பதம் முக்கியம். கரண்டியைக் கவிழ்த்தால் தண்ணீராக விழக் கூடாது. போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் முதல் டம்ளர் பக்கத்து வீட்டுக்கு. அதற்கென்றே ஒரு பித்தளை டம்ளர் தனியாக இருக்கிறது. கவிச்சி படாதது. அதைப் புளி போட்டுத் தேய்த்து, மதிலோரமாக நின்று, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி மறுபடி மறுபடி கழுவுவார். மழைச் சொட்டு விழாமலிருக்க, வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் சிவந்த இலை ஒன்றைப் பார்த்து எடுத்து மேலே மூடுவார். தேவைப்பட்டது மூடி. ஆனால் இலை சிவப்பாக இல்லாவிட்டால் அன்றைக்குச் சூப்பே சரியில்லை என்பார். அவருடைய கணவர் ஞானையா இதைப் பார்த்துவிட்டு, “உங்க மிஸ்ஸியம்மா அழுதுட்டே ஆக்கினாவ, நீ பாடிட்டே ஆக்குதே, குடிக்கவனைப் பத்தி ரெண்டு பேருக்குமே கவலை இல்ல” என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டுவார்.

பித்தளை டம்ளர் வெறுமனே திரும்பியதில்லை. ஒருமுறை கல்கண்டு, ஒருமுறை நாரத்தை இலைப்பொடி, ஒன்றுமில்லாவிட்டால் கறிவேப்பிலை. கூடவே, “நன்னா இருந்தது டீச்சர்” என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை டீச்சர் அடுத்த மழை வரைக்கும் வைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வீட்டிலும் பாத்திரம் துலக்குகிற கங்கம்மாதான் ஒருநாள் அந்த நினைப்பை உடைத்தாள். கெட்ட எண்ணத்தோடு அல்ல, பாராட்டுகிற மும்முரத்தில். “இந்த வாட்டி மொளகு கம்மியா கீது டீச்சரம்மா” என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார். “இன்னா இப்டி கேக்குறே? அந்தம்மா எங்க குடிச்சாங்க? வருஷா வருஷம் நான்தான குடிச்சிகினு கீறேன்.”

டீச்சருக்கு வலித்தது. மாமியின் மேல் கோபம் வரவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தாமலே மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது. அத்தனை வருஷத்து ‘நன்னா இருந்தது’களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மாமி சொன்னபோதெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு வாய், தம் கையால் செய்ததை ஒரே ஒரு வாய் மாமி குடித்துப் பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஞானையாவிடம் சொன்னால் சிரிப்பார்.

ஆனாலும் அடுத்த ஐப்பசியிலும் டம்ளர் போயிற்று, இலை மூடியோடு. நிறுத்தினால் தமக்குத் தெரிந்துவிட்டது என்று மாமிக்குத் தெரிந்துவிடும். கங்கம்மாவின் சூப்பும் போய்விடும். மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு அனுப்பினார்.

போன மழைக்குத்தான் விஷயம் திரும்பியது. மாமியின் கணவர் பத்ரிநாராயணன் டைபாய்டில் படுத்து எழுந்திருந்தார். ஜுரம் விட்டுவிட்டது, நாக்கு செத்துவிட்டது. கஞ்சி வேண்டாம், ரசம் வேண்டாம், எதை எடுத்துப்போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியிருக்க, மழை பிடித்த அன்று காலை ஜன்னல் வழியே சுட்ட பரங்கியின் வாசனை போயிருக்கிறது. மனிதர் எழுந்து உட்கார்ந்து, “டீச்சராத்துல அது பண்றா பாரு, அது வேணும்” என்றாராம். மாமி தாமே பரங்கியை வேகவைத்துக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, சுட்ட வாசனை இல்லை, இது அதில்லை என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

டீச்சர் கொய்யா பொறுக்கப் பின்பக்கம் வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி நின்றுகொண்டிருந்தார். கையில் ஈயச் சொம்பு. அவர்கள் வீட்டில் தினமும் ரசம் வைக்கிற சொம்பு அது, அவர்கள் பாஷையில் சாத்தமுது. மாமிக்கு அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்தது. அதை மதில்மேல் வைத்துவிட்டு, மாமி கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “இதுல பண்ணித் தர முடியுமா டீச்சர்? அவருக்கு.” முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் செய்தால்தான் அந்த வீட்டில் வாய்க்குப் போகும் என்று டீச்சருக்கு விளங்கியது. சரி மாமி என்று மட்டும் சொல்லிச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் பாடிய பாட்டில் சரணங்கள் முன்னும் பின்னுமாகப் புரண்டன. இருந்தாலும் பரங்கி சரியாக வெந்தது. கொய்யாவும் இளகியது. மழை ஒரே சீராகப் பெய்தது, வீடே ஏரிக்குள் மிதப்பது போலிருந்தது. எங்கோ கண்காணாத தேசத்தில் சிவந்த மரங்கள் வரிசையாக நின்றன, அவற்றின் நடுவே சாவித்ரி மாமி மடிசாரோடு நடந்து வந்தார். இந்த யோசனையிலேயே டீச்சர் சொம்பைத் தணல்மேல் வைத்தார். முதலில் பாத்திரம் காய வேண்டும், பிறகுதான் வெண்ணெய் என்பது மிஸ்ஸியம்மாவின் சட்டம். திரும்பி உட்கார்ந்து கொய்யாவை வடிகட்டத் தொடங்கினார்.

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று அய்யங்கார் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பாளையங்கோட்டையில் யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தபோது சொம்பு உட்கார்ந்துவிட்டிருந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, அடி கரைந்து, தணலுக்கு இடையில் நிலா வெளிச்சத்தைக் கொட்டியது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி அது அவருக்கு அழகாகக்கூடத் தெரிந்தது. அதற்கப்புறம் ஞானையாவைக் கூப்பிட்டார்.

மயிலாப்பூர் போய் அதே அளவில் ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றார் ஞானையா. “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்லுதீங்களா?” என்று கேட்டார் டீச்சர். சொன்ன பிறகுதான், அடுப்படியில் கிடந்த பரங்கித் தோலைப் பார்த்தார். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பசியோடு ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. பால் காய்ச்சுகிற பாத்திரத்தை எடுத்து வைத்துச் சூப்பை முடித்தார். பதம் வந்தது. பின்பக்கம் போய் மாமியைக் கூப்பிட்டார்.

மாமி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாகச் சுற்றி வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த அடுக்களைப் படியை அவர் தாண்டியதில்லை. அன்றைக்குத் தாண்டினார். டீச்சர் அடுப்பைக் காட்டினார்.

“உங்க சொம்பு உருகிப் போச்சு மாமி. வெறுஞ்சொம்பை வச்சிட்டேன், எனக்குத் தெரியல. சூப்பு இருக்கு. ஆனா எங்க வீட்டுப் பாத்திரத்துல இருக்கு.”

மாமி குனிந்து, தணலில் வெள்ளி போல மின்னிய அந்தக் கட்டியைப் பார்த்தார். டீச்சர் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றுமில்லாத போதும்.

“நானும் ஒண்ணு உருக்கியிருக்கேன்” என்றார் மாமி. “கல்யாணமான புதுசுல. என் மாமியார் ஒரு மாசம் என்னோட பேசலை.” பிறகு, “எனக்கு அப்படிப் பேசாம இருக்கல்லாம் முடியாது டீச்சர். அவருக்கு உப்பு சரியா இருக்கான்னு பார்க்கணும், கொஞ்சம் குடுங்கோ” என்றார்.

டீச்சர் பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். சிவந்த இலை மூட மறந்துபோனார். மாமி பழக்கப்படி அண்ணாந்து, டம்ளரை வாய்க்கு மேலே உயர்த்திச் சாய்த்தார். சூப்பு வரவில்லை. விளிம்பு வரை வந்து, யோசித்துக்கொண்டு நின்றது. இன்னும் சாய்த்தார். ஒரு சொட்டு மோவாயில் விழுந்தது. மாமி டம்ளரை இறக்கி அதைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். அப்புறம் விளிம்பை உதட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

குடித்து முடித்தும் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “கொய்யா நம்ம மரத்துது” என்றார், யாரோ ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்தவர் போல. “மொளகுதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“அது கங்கம்மாவுக்குப் போட்டுப் பழகிப் போச்சு மாமி” என்றார் டீச்சர்.

மாமியின் முகம் சிவந்தது. டம்ளரை நீட்டினார். பழக்க தோஷம், டீச்சரின் கை டம்ளரை வாங்கியதும் புளிச்சட்டியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. மாமியின் உதடு பட்ட இடம் விளிம்பில் மஞ்சளாகத் தெரிந்தது. டீச்சர் அதைக் கழுவாமலே மறுபடி நிரப்பினார்.